ஏற்ற இரம்பம்

கருவியின்றிக் கைத்தொழில் இல்லை. உழவனுக்கு ஏரும், கொல்லனுக்குச் சம்மட்டியும், நெசவாளனுக்குத் தறியும் இன்றியமையாதன. அவை போலவே தச்சனுக்கு இன்றியமையாத கருவி இரம்பமாகும். இதனை ஈர்வாள் என்றும் வழங்குவர். ஈர்தல் என்னும் சொல் அறுத்தலையும் பிளத்தலையும் குறிக்கும். அறுக்கும் தொழில் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. கடலிலிருந்து எடுத்த சங்கினை அரத்தால் அறுத்து வளையல் செய்த செய்தி அகநானூற்றிலே காணப்படுகின்றது. தகடு ஒன்றன் விளிம்பிலே பல சிறு பற்களை அமைத்து, ஒரு பல் செய்ய மாட்டாத செயலைப் பல பற்கள் கூடிச் செய்யுமாறு அமைத்த அறிவே இரம்பத்தின் பிறப்புக்குக் காரணமாகும்.

முற்காலத்தில் இரம்பங்கள் கைவலியால் மட்டுமே இயங்கின. இக்காலத்திலோ மின்னாற்றலால் இயங்கும் இரம்பங்கள் எங்கும் பரவியுள்ளன. அவற்றுள் வட்டமாகச் சுழல்வன உண்டு. மேலும் கீழுமாக ஏறி இறங்குவன உண்டு. மேசையில் பொருத்தப்பட்டு அசையாது நிற்பன உண்டு. கையிற் பற்றி நடத்தப்படுவன உண்டு. கடைக்குச் செல்லும் ஒருவன் இவற்றுள் எதனை வாங்குவது என்று அறியாமல் மயங்குதல் இயல்பு. அவன் பெரும்பாலும் விலையைப் பார்ப்பான். அல்லது மோட்டாரின் வலிமையைக் கேட்பான். இவ்விரண்டும் இறுதியிற் கேட்கத்தக்கன. முதலிற் கேட்கத்தக்க வினா வேறொன்று. அறுக்கப்படும் மரம் யாது, அதனை எத்திசையில் அறுத்தல் வேண்டும் என்பதே அவ்வினா. இதனை அறியாது இரம்பம் வாங்குவோன் பொருளை இழப்பான். சில வேளைகளில் விரலையும் இழப்பான்.

இவ்வினா பெரிதும் எழும் நாடுகள் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் கனடாவும் ஆகும். தமிழ்நாட்டு வீடுகளில் தளம் கல்லாலும் ஓட்டாலும் சிமெண்டாலும் அமைக்கப்படுவதே பெருவழக்கு. வெப்ப நாட்டில் அத்தகைய தளம் காலுக்குக் குளிர்ச்சி தரும். கறையானும் அதனை அரிக்க இயலாது. குளிர் மிகுந்த வட அமெரிக்காவிலோ வீடுகளிற் பல மரச்சட்டங்களால் எழுப்பப்படுகின்றன. அவ்வீடுகளின் தளத்தில் ஓக், மேப்பிள் முதலிய மரங்களின் பலகைகள் பரப்பப்படுகின்றன. அந்நாடுகளில் தச்சர்க்குரிய கூலி மிகுதி. ஆதலின், வீட்டுக்குரியோர் தாமே கருவி வாங்கிச் சிறு தச்சுவேலைகளைச் செய்துகொள்ளும் வழக்கம் அங்கே நிலைபெற்றுள்ளது. அவ்வாறு தம் வீட்டு அறை ஒன்றற்குத் தாமே மரத்தளம் அமைக்க விரும்பும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவர் எந்த இரம்பத்தைத் தேர்தல் வேண்டும்?

இதற்கு விடை காணுமுன் மரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். மரம் களிமண்ணைப் போல எப்பக்கமும் ஒரே தன்மை உடையதன்று. அது நீண்ட நார்கள் நெருங்கி ஒட்டிய கட்டாகும். மூங்கிலை நெடுக்கே பிளப்பது எளிது. கத்தியைச் சற்றே செலுத்தினால் பிளவு தானே ஓடும். அதே மூங்கிலைக் குறுக்கே வெட்டுவதற்குப் பல வெட்டுகள் வேண்டும். நெடுக்கே பிளக்கும்போது நார்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன; குறுக்கே வெட்டும்போது ஒவ்வொரு நாரும் துண்டாக வேண்டியுள்ளது. இவ்வேறுபாடு எல்லா மரங்களுக்கும் பொதுவானது. ஆகவே, நாரோட்டத்தின் வழியே அறுக்கும் நெடுக்கறுப்பும், நாரோட்டத்தின் குறுக்கே அறுக்கும் குறுக்கறுப்பும் இருவேறு தொழில்கள் ஆகும்.

தொழில் இரண்டாதலின் பற்களும் இருவகைப்பட்டன. நெடுக்கறுக்கும் இரம்பத்தின் பற்கள் சிற்றுளிகளை ஒத்தவை. வரிசையாக நிற்கும் உளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மரத்தைச் சுரண்டி எடுப்பதைப் போல அவை செயற்படும். குறுக்கறுக்கும் இரம்பத்தின் பற்களோ கூரிய கத்திகளை ஒத்தவை. ஒரு பல் இடப்பக்கமும் அடுத்த பல் வலப்பக்கமும் சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். அவை தடத்தின் இருகரையிலும் உள்ள நார்களை முதலில் வெட்டி, இடையிலுள்ள மரத்தைப் பின்னர்த் துகளாக்கி வெளியேற்றும். உளிப்பல்லைக் கொண்டு குறுக்கே அறுத்தால் நார்கள் வெட்டுப்படாமல் கிழிபடும், விளிம்பு சிதையும். கத்திப்பல்லைக் கொண்டு நெடுக்கே அறுத்தால் வேலை மெல்ல நடைபெறும். அலகு சூடேறி மரத்தைக் கருக்கும். இவை இரண்டும் இரம்பத்தின் குற்றம் அல்ல; தேர்ந்தவனின் குற்றமே.

மின்னாற்றலால் சுழலும் வட்ட அலகுக்கும் இவ்விதி பொருந்தும். கையிற் பிடித்து நடத்தும் வட்ட இரம்பத்தில் 184 மில்லிமீட்டர் விட்டமுடைய அலகு பெருவழக்காக உள்ளது. அதில் 24 பற்கள் அமைந்த அலகு விரைந்து அறுக்கும், நெடுக்கறுப்புக்கு ஏற்றது. 40 பற்கள் உடையது இருவகை அறுப்புக்கும் ஓரளவு உதவும். 60 பற்கள் உடையது மெல்ல அறுப்பினும் குறுக்கே வழுவழுப்பான விளிம்பைத் தரும். பற்கள் குறைந்தால் இடைவெளி மிகும். அவ்விடைவெளி மரத்தூளை நிரம்பச் சுமந்து வெளியேற்றும். பற்கள் மிகுந்தால் ஒவ்வொரு பல்லும் எடுக்கும் துகள் சிறுக்கும்; ஆதலின் விளிம்பு நேர்த்தியாக அமையும். விரைவும் நேர்த்தியும் ஒரே அலகில் முழுமையாகக் கூடுவதில்லை. பற்களின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு என்னும் கடினமான பொருள் பதிக்கப்பட்டிருப்பின் அவை நெடுநாள் கூர் மழுங்காமல் உழைக்கும்.

இரம்பம் செல்லும் வழியில் மரம் சிறிது துகளாகிப் போகின்றது. அவ்வழியை அறுப்புத்தடம் எனலாம். தடத்தின் அகலம் அலகுத் தகட்டின் கனத்தைவிடச் சற்று மிகுதியாக இருத்தல் வேண்டும். இன்றேல் அலகு மரத்தில் இறுகி நின்றுவிடும். இதற்காகவே கை இரம்பத்தின் பற்களைத் தச்சர் மாறி மாறி இருபக்கமும் சிறிது வளைத்து வைப்பர். வட்ட அலகிலோ கார்பைடு நுனிகள் தகட்டைவிட அகலமாக அமைக்கப்படுகின்றன. வட்ட அலகின் தடம் பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை அகலமுடையது. இதனைக் கணக்கிற் கொள்ளாதவன் ஏமாறுவான். 1200 மில்லிமீட்டர் நீளமுள்ள பலகை ஒன்றை நான்கு சமதுண்டுகளாக்க வேண்டும் எனக் கொள்க. மூன்று முறை அறுத்தல் வேண்டும். ஒவ்வோர் அறுப்பிலும் 3 மில்லிமீட்டர் போனால் மொத்தம் 9 மில்லிமீட்டர் தூளாகிவிடும். ஆகவே ஒவ்வொரு துண்டும் 300 மில்லிமீட்டர் இராது, 297.75 மில்லிமீட்டரே இருக்கும்.

இனி, இரம்பம் கையிலிருந்து எந்திரத்துக்குச் சென்ற வரலாற்றையும் சிறிது காண்போம். பழைய எகிப்தியர் செம்பினால் இரம்பம் செய்தனர். செம்பு மென்மையானது, தள்ளினால் வளையும். ஆதலின் அவர்கள் இரம்பத்தைத் தம்பால் இழுத்து அறுத்தனர். இழுக்கப்படும் தகடு மெல்லியதாயினும் வளையாது நேரே நிற்கும். இந்நுட்பத்தை நன்கு அறிந்த ஜப்பானியத் தச்சர் இன்றும் இழுக்கும்போதே அறுபடுமாறு இரம்பத்தின் பற்களை அமைக்கின்றனர். ஐரோப்பிய இரம்பங்களோ தள்ளும்போது அறுப்பவை. பெருமரங்களைப் பலகையாக்குவதற்குக் குழி வெட்டி, அதன்மேல் மரத்தைக் கிடத்தி, ஒருவன் மேலும் ஒருவன் குழியினுள்ளும் நின்று நீண்ட வாளை மாறி மாறி இழுக்கும் முறை இந்தியாவிலும் இங்கிலாந்திலும் இருந்தது. கீழே நிற்பவன் கண்ணிலும் வாயிலும் மரத்தூள் ஓயாது விழும். அவன்பட்ட துன்பம் பெரிது.

இவ்வாளின் இயக்கத்தில் ஒரு குறை உண்டு. ஒரு திசையில் செல்லும்போது மட்டுமே அது அறுக்கும். திரும்பி வரும்போது உழைப்பு வீணாகும். அமெரிக்காவிலே ஷேக்கர் என்னும் கிறித்தவக் குழுவினரிடையே வாழ்ந்த டாபிதா பாபிட் என்னும் அம்மையார், இருவர் இவ்வாறு மரம் அறுப்பதைக் கண்டு, வீணாகும் உழைப்பைப் போக்க எண்ணி, 1813ஆம் ஆண்டளவில் வட்ட அலகு ஒன்றை அமைத்தார் என்று அக்குழுவினர் வழிவழியாகக் கூறுவர். ஆயினும் வட்ட அலகைப் பற்றிய எண்ணம் அதற்கு முன்னரே தோன்றியிருந்தது. இங்கிலாந்திலே சாமுவேல் மில்லர் என்பவர் 1777ஆம் ஆண்டிலேயே அறுக்கும் எந்திரம் ஒன்றற்கு உரிமை பெற்றிருந்தார். யார் முதல்வராயினும், வட்ட அலகின் சிறப்பு ஒன்றே. சுழலும் சக்கரத்துக்குத் திரும்பும் வழி என ஒன்று இல்லை. ஆதலின் அதன் இயக்கத்தில் ஒரு கணமும் வீணாவதில்லை.

பட்டைபோல் நீண்ட அலகின் இரு முனைகளையும் இணைத்து, இரண்டு சக்கரங்களின்மேல் ஓடவிடும் பட்டை இரம்பத்துக்கு வில்லியம் நியூபெரி என்பவர் 1808ஆம் ஆண்டில் இலண்டனில் உரிமை பெற்றார். ஆயினும் அலகின் இணைப்பு அடிக்கடி அறுந்தமையால் அது பயன்படாது கிடந்தது. 1846ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் கிரேப்பின் அம்மையார் அம்முனைகளை உறுதியாகப் பற்றவைக்கும் வழியைக் கண்டார். அதன் பின்னரே பட்டை இரம்பம் தொழிற்சாலைகளில் இடம்பெற்றது. நல்ல எண்ணம் ஒன்று பயன்தர வேண்டுமாயின், சிறு இணைப்பும் சரியாக அமைதல் வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

மின்சாரம் பரவிய பின்னர் இரம்பம் மீண்டும் கைக்கு வந்தது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வாழ்ந்த எட்மண்ட் மிஷெல் என்பவர், கரும்புத் தோட்டத் தொழிலாளர் பெருங்கத்தியால் கரும்பு வெட்டி வருந்துவதைக் கண்டு, கத்தியொன்றில் சிறு மோட்டாரையும் வட்ட அலகையும் பொருத்தினார். அம்முயற்சியிலிருந்தே கையிற் பிடிக்கும் மின் வட்ட இரம்பம் உருவாயிற்று. அதனைச் செய்து விற்பதற்கு 1924ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் ஆல்பர்ட் காஃப்மன் என்னும் பொறியாளர் 1946ஆம் ஆண்டில் தம் மனைவியின் தையல் எந்திரத்தில் ஊசிக்கு மாறாக இரம்ப அலகைப் பொருத்திப் பார்த்தார். ஊசி துணியை வளைந்து வளைந்து தைப்பதைப் போல, அவ்வலகு மரத்தை வளைந்து வளைந்து அறுத்தது. தொழிலாளர் ஜிக்சா என்று வழங்கும் கருவி இவ்வாறு தோன்றியதாகும்.

இனி, தளம் அமைக்க விரும்பிய வீட்டுக்காரரிடம் மீள்வோம். அவர் செய்ய வேண்டிய அறுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால், வேண்டிய இரம்பமும் தானே விளங்கும்.

முதலாவது, பலகைகளின் தலைப்பை அறையின் நீளத்துக்கு ஏற்பக் குறுக்கே அறுத்தல். இவ்வேலை நூறு முறைக்குமேல் நிகழக்கூடும். ஒவ்வோர் அறுப்பும் செங்கோணமாக அமைதல் வேண்டும். இதற்கு ஏற்றது மைட்டர் சா எனப்படும் சாய்வெட்டு இரம்பம். பலகை அசையாது கிடக்க, அலகு மேலிருந்து இறங்கி அறுக்கும். வேண்டிய கோணத்தில் அதனைத் திருப்பி நிறுத்தலாம். சுவரோரத்தில் பதிக்கும் அடிப்பட்டைகளை மூலையிற் பொருத்துவதற்கு 45 பாகைச் சாய்வில் அறுக்கவும் இதுவே உதவும்.

இரண்டாவது, சுவரை அடுத்த இறுதி வரிசைப் பலகையின் அகலத்தைக் குறைத்தல். இது நெடுக்கறுப்பு. மேலிருந்து இறங்கும் சாய்வெட்டு இரம்பத்தால் இதனைச் செய்ய இயலாது. மேசையின் நடுவே அலகு நீட்டிநிற்கும் மேசை இரம்பமே இதற்குச் சிறந்தது. அதன் பக்கத்தே அமைந்த வழிகாட்டிச் சட்டத்தை ஒட்டிப் பலகையைச் செலுத்தினால் அகலம் ஒரே சீராக அமையும். ஓர் அறை அளவில் வேலை முடிவதாயின், கைவட்ட இரம்பத்தை நேரான சட்டம் ஒன்றன் ஓரமாக நடத்தியும் இதனை நிறைவேற்றலாம்.

மூன்றாவது, தண்ணீர்க்குழாய் போன்றவற்றைச் சுற்றி வளைவாக அறுத்தல். இது ஜிக்சாவின் தொழில். வட்ட அலகு நேர்கோட்டில் மட்டுமே செல்லவல்லது. அதனை வளைக்க முயல்வது இடருக்கு வழியாகும்.

நான்காவது, கதவு நிலையின் அடியைப் பலகையின் கனத்தளவு அறுத்து, பலகை அதன்கீழ் நுழையுமாறு செய்தல். இதற்கு மின்னாற்றல் வேண்டுவதில்லை. பலகைத்துண்டு ஒன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் சிறு கை இரம்பத்தைப் படிய வைத்து இழுத்தாலே போதும்.

இவ்வாறு பார்க்குங்கால், வேலை நான்கு வகைப்பட்டது என்பதும், நான்கையும் ஒருங்கே செய்யவல்ல இரம்பம் இல்லை என்பதும் புலனாகும். பல வேலைகளுக்கு ஒரே மின் இரம்பம் மட்டுமே வாங்க இயலும் என்போருக்குக் கைவட்ட இரம்பமே ஏற்றது. அதனோடு 24 பல் அலகு ஒன்றும் 60 பல் அலகு ஒன்றும் வைத்திருந்தால் இருவகை நேரறுப்புகளும் நடைபெறும். விலைமிக்க இரம்பத்தில் மழுங்கிய அலகு இருப்பதைவிட, நடுத்தர இரம்பத்தில் கூரிய நல்ல அலகு இருப்பது மேலானது. மரத்தைத் தொடுவது மோட்டார் அன்று, பல்லே.

பலகையின் எந்தப் பக்கத்தை மேலே வைப்பது என்பதும் அறியத்தக்கது. பல் மரத்தைவிட்டு வெளியேறும் பக்கத்திலேதான் நார்கள் பிய்ந்து சிதையும். கைவட்ட இரம்பத்தின் பற்கள் கீழிருந்து மேல்நோக்கி அறுப்பவை. ஜிக்சாவின் பற்களும் பெரும்பாலும் அத்தகையனவே. ஆகவே, இவற்றால் அறுக்கும்போது பலகையின் நல்ல முகத்தைக் கீழ்நோக்கி வைத்தல் வேண்டும். மேசை இரம்பமும் சாய்வெட்டு இரம்பமும் மேலிருந்து கீழ்நோக்கி அறுப்பவை. அவற்றில் நல்ல முகம் மேலே இருத்தல் வேண்டும். இச்சிறு செய்தியை அறியாமல் விலையுயர்ந்த பலகைகளைப் பாழாக்கினோர் பலர்.

பலகைகளை வாங்கியவுடன் அறுத்துப் பதித்தலும் தகாது. மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று விரியும்; ஈரம் குறைந்தால் சுருங்கும். இம்மாற்றம் நீளவாட்டில் மிகச் சிறிது, அகலவாட்டில் மிகுதி. ஆதலின், பலகைகளைச் சில நாள்கள் அவ்வறையிலேயே வைத்திருந்து, அங்குள்ள காற்றுக்குப் பழகிய பின்னரே அறுத்தல் வேண்டும். பதிக்கும்போதும் சுவரை ஒட்டி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுவர். அவ்விடைவெளியை அடிப்பட்டை மறைத்துவிடும். இடைவெளி இன்றேல், மழைக்காலத்தில் விரியும் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி, நடுவே மேடிட்டு எழும்.

இதுகாறும் கூறியவை மரத்தைக் காக்கும் வழிகள். இனிக் கூறுவது கையைக் காக்கும் வழி. 184 மில்லிமீட்டர் அலகு நிமிடத்துக்கு 5500 முறை சுழல்வதாகக் கொள்க. அதன் விளிம்பு வினாடிக்கு 53 மீட்டர், அஃதாவது மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் விரைவில் ஓடுகின்றது. 24 பற்கள் உடைய அலகாயின், வினாடிக்கு 2200 பற்கள் ஓரிடத்தைக் கடக்கின்றன. தீங்கு நேர்ந்ததை உணர்ந்து மனிதன் கையை இழுத்துக்கொள்வதற்கு ஏறத்தாழ ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அந்நேரத்துக்குள் 440 பற்கள் கடந்துவிடும். ஆகவே, ‘கை பட்டால் உடனே எடுத்துக்கொள்ளலாம்’ என்று எண்ணுவது பேதைமை.

பிறிதோர் இடர் பின்னெறிவு ஆகும். அறுபட்ட பலகையின் இருபகுதிகளும் நெருங்கி அலகின் பின்பகுதியைக் கவ்வுமாயின், மேசை இரம்பத்தில் மேலெழும் பற்கள் பலகையைத் தூக்கி, நிற்பவன்மேல் எறியும். கைவட்ட இரம்பமாயின் இரம்பமே பின்னோக்கித் துள்ளும். இதனைத் தடுப்பதற்காகவே மேசை இரம்பத்தில் அலகின் பின்னே மெல்லிய தகடு ஒன்று நிறுத்தப்படுகின்றது. அது தடத்தினுள் நுழைந்து இருபகுதிகளும் நெருங்காதவாறு காக்கும். இத்தகைய தகடும், அலகை மூடும் காப்பும் இல்லாத மேசை இரம்பத்தை, விலை எத்துணைக் குறைவாயினும், வாங்காது விடுதலே அறிவுடைமை. இருப்பவற்றைத் தொல்லை எனக் கருதிக் கழற்றி எறிவதோ தன் கையைத் தானே அறுத்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,000 பேர் மேசை இரம்பத்தால் காயமுற்று மருத்துவமனையை நாடுகின்றனர் என அந்நாட்டு அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டுள்ளது. இக்கொடுமையைக் குறைக்க எண்ணிய ஸ்டீபன் காஸ் என்னும் இயற்பியல் அறிஞர் 1999ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டார். மரம் மின்சாரத்தை எளிதிற் கடத்தாது. மனித உடல் கடத்தும். அலகிலே மிகச் சிறிய மின்குறிப்பு ஒன்றை ஓடவிட்டால், விரல் பட்டவுடன் அக்குறிப்பு மாறும். மாறிய அக்கணமே அலுமினியக் கட்டை ஒன்று பாய்ந்து பற்களிற் பதிந்து அலகை நிறுத்தும். இவையெல்லாம் ஒரு வினாடியின் இருநூற்றில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். முதலில் இறைச்சித் துண்டைக் கொண்டு சோதித்த அவர், பின்னர்த் தம் விரலையே வைத்துச் சோதித்தார். இவ்வகை மேசை இரம்பங்கள் 2004ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்தன. எனினும், இவ்வமைப்பு இல்லாத இரம்பங்களே மிகப்பல. எந்திரம் தன்னைக் காக்கும் என்று நம்பியிருப்பதைவிட, விரலை அலகின் அருகே கொண்டுசெல்லாமல் தள்ளுகோலால் மரத்தைச் செலுத்துவதே உறுதியான காப்பாகும்.

தமிழ்நாட்டிலும் கதவு, அலமாரி முதலியன செய்யுமிடங்களில் மின் இரம்பங்கள் இன்று மிகுந்துள்ளன. ஆங்குக் காணப்படும் தீய வழக்கம் ஒன்று சுட்டத்தக்கது. பளிங்குக்கல் அறுப்பதற்கென அமைந்த மார்பிள் கட்டர் என்னும் சிறு கருவியில் மரம் அறுக்கும் பல்லலகைப் பூட்டிப் பலர் வேலை செய்கின்றனர். அக்கருவி நிமிடத்துக்கு 12,000 முறைக்குமேல் சுழல்வது. கல்லைத் தேய்க்கும் பல்லில்லாத் தகட்டுக்கென்றே அமைந்தது. பல்லலகு மரத்தைக் கவ்வினால் அது துள்ளி எழும். அதன் காப்பு மூடியும் பல்லலகை முழுதும் மறைக்காது. அலகு எத்தனை சுழற்சி வரை தாங்கும் என்பது அலகின்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கருவியின் சுழற்சி அவ்வெண்ணைக் கடப்பதாயின் அவ்வலகை அதில் மாட்டுதல் கூடாது. ஒரே கருவியால் கல்லும் மரமும் அறுத்து மிச்சம்பிடிக்கும் சில ஆயிரம் ரூபாய், இழந்த ஒரு விரலுக்கு ஈடாகாது.

வேலை செய்வோர் தளர்ந்த ஆடையும் கையுறையும் அணிந்து சுழலும் அலகை அணுகலாகாது. அவை அலகிற் சிக்கிக் கையை உள்ளே இழுத்துவிடும். கண்ணாடி அணிதல் வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதலும் வேண்டும். மரத்தூள் மூக்கினுள் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலக மருத்துவ அறிஞர் 1995ஆம் ஆண்டில் வரையறுத்துள்ளனர். அலகை மாற்றும்போது மின்இணைப்பை முற்றும் நீக்குதல் வேண்டும். மின்கலத்தால் இயங்குவதாயின் மின்கலத்தைக் கழற்றிய பின்னரே அலகைத் தொடுதல் வேண்டும்.

திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. அது போர்மேற் செல்லும் அரசருக்கு உரியதாயினும், கருவியைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும். மரத்தின் வலி, பல்லின் வலி, எந்திரத்தின் வலி, தன் கையின் வலி ஆகிய நான்கையும் அறிந்தவனே இரம்பத்தைத் தேரத் தக்கவன். முதலில் மரத்தையும், அடுத்து அறுக்கும் திசையையும், பின்னர்ப் பல்லையும், அதன்பின் இரம்பத்தின் வகையையும், இறுதியாக விலையையும் அவன் ஆராய்வான். இம்முறையை மாற்றி, விலையில் தொடங்குவோன் துன்பத்தில் முடிப்பான்.

மின்னாற்றல் கைக்கு விரைவைத் தரும், அறிவைத் தாராது. பழைய தச்சன் பலகையைக் கையில் எடுத்தவுடன் அதன் நாரோட்டத்தை விரலால் தடவிப் பார்ப்பான். புதிய எந்திரம் எதனைப் பெற்றவனும் அவ்விரலின் அறிவைப் பெறாது தச்சன் ஆகான். அறுந்த பலகைக்கு மாற்றுப் பலகை கடையிற் கிடைக்கும். அறுந்த விரலுக்கு மாற்று எக்கடையிலும் இல்லை.